1969 ஜூலை 21, திங்கட்கிழமை: நிலவில் கால் பதிந்த நாளில் திருகோணமலை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நிலவில் மனிதன் முதன்முதலில் இறங்கியபோது எனக்குப் பதினொரு வயது. வீடு திருகோணமலையில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. இப்போது எங்கள் குடும்பம் நாலா திசையிலும் சிதறியிருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை மாதம் வந்தால் பேரப்பிள்ளைகளும் மருமக்களும் தொலைபேசியில் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். பள்ளிக்கூடப் பயிற்சிக்காகச் சிலர், ஆசையினால் சிலர். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு துண்டாகச் சொல்லி முடியவில்லை. சொல்லும்போது நானே பிழையாகச் சொன்னவையும் உண்டு. அவற்றை இங்கே திருத்தியிருக்கிறேன். நேரங்கள் எல்லாம் அன்றைய இலங்கை நேரம்.

உலகம் முழுவதும் ஜூலை 20 என்கிறார்களே, நீங்கள் ஏன் 21 என்கிறீர்கள்?

அமெரிக்காவில் அது ஞாயிறு பிற்பகலும் இரவும். நமக்கு விடிந்தால் திங்கள். அப்பல்லோ 11இன் 'கழுகு' என்று பெயரிட்ட இறங்குகலம் நிலவின் அமைதிக் கடலில் தரை தொட்டது நமக்கு 21ஆம் திகதி அதிகாலை 1.47க்கு. நீல் ஆம்ஸ்ட்ரோங் ஏணியிலிருந்து கால் வைத்தது காலை 8.26க்கு. கூடப் போன ஒல்ட்ரின் ஏறத்தாழ இருபது நிமிடம் கழித்து இறங்கினார். இருவரும் மீண்டும் கலத்துக்குள் ஏறியபோது இங்கே பத்தே முக்கால் மணி ஆகப்போகிறது. ஆகவே திருகோணமலைக்காரருக்கு அந்த நாள் 21தான். எங்கள் வீட்டு நாட்காட்டியில் அப்பா நீல மையால் வட்டமிட்டதும் 21ஐத்தான்.

தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்த்தீர்களா?

இல்லை. திருகோணமலையில் மட்டுமல்ல, இலங்கையில் எங்கும் அன்று தொலைக்காட்சி ஒளிபரப்பு கிடையாது. நாட்டின் முதலாவது ஒளிபரப்பு 1979 ஏப்ரலில் ஐ.டி.என். மூலம் தொடங்கியது, ரூபவாஹினி வந்தது 1982 பெப்ரவரியில். உலகில் ஏறத்தாழ 60 கோடிப் பேர் அந்தக் காட்சியைப் பார்த்தார்கள் என்று சொல்வார்கள். அந்தக் கணக்கில் நாங்கள் இல்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தலைமுறையில் பலர், என் சொந்த மச்சான் உட்பட, "அன்று காலை டிவியில் பார்த்தோம்" என்று உறுதியாகச் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சில வாரங்களின் பின் தியேட்டரில் படம் தொடங்கும் முன் ஓடிய செய்திப்படத்தில் அந்த மங்கலான வெள்ளை உருவங்களைப் பார்த்தோம். பிறகு வாழ்நாள் முழுவதும் அதே காட்சியை எத்தனையோ முறை திரையில் பார்த்துவிட்டோம். மனம் அந்தப் படங்களை எடுத்துக்கொண்டுபோய் முதல் நாளிலேயே ஒட்டிவிட்டது. ஆனால் முதல் நாள் எங்களுக்குக் கிடைத்தது ஒலி மட்டுமே. அதைப் பறிகொடுக்க எனக்கு மனமில்லை. காதால் கேட்டு, ஆளுக்கொரு நிலவை உள்ளே கட்டிக்கொண்ட காலை அது.

அப்படியென்றால் எதில் கேட்டீர்கள்? தமிழில் வந்ததா?

எங்கள் வீட்டில் பெரிய பிலிப்ஸ் வால்வ் வானொலி ஒன்று இருந்தது. கூரையிலிருந்து பின்வளவுத் தென்னைக்கு ஏரியல் கம்பி இழுத்துக் கட்டியிருந்தோம். சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. வால்வுகள் சூடேற வேண்டும். முகப்பில் ஒரு சிறிய பச்சைக் கண் மெல்ல ஒளிரத் தொடங்கும். நிலையம் சரியாகப் பிடிபடப் பிடிபட அந்தக் கண்ணின் இரண்டு இமைகளும் நெருங்கிவரும். அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே கேட்பதுதான் எங்கள் பழக்கம். வானொலி வைத்திருக்க ஆண்டுதோறும் தபால் கந்தோரில் பணம் கட்டி அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும் என்பதையும் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

நேரடியாகக் கேட்டது சிற்றலையில், அமெரிக்காவின் குரல், ஆங்கிலத்தில். அது சீராக வரவில்லை. கடலலைபோல எழும்பும், பின்வாங்கும், இடையில் வேறு ஏதோ ஒரு நாட்டின் இசை குறுக்கே புகும். ஆங்கிலம் தெரிந்த பெரியப்பா வானொலிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, கேட்டதை உடனுக்குடன் தமிழில் சொன்னார். "ஏணியில் நிற்கிறான்." "மண் மாவுபோல இருக்கிறதாம்." "கால் வைத்துவிட்டான்." அவ்வளவுதான். ஆம்ஸ்ட்ரோங் சொன்ன அந்தப் புகழ்பெற்ற வாக்கியம் எங்களுக்கு இரைச்சலில் அகப்படவே இல்லை. ஒரு மனிதனுக்குச் சிறிய அடி, மனித குலத்துக்குப் பெரும் பாய்ச்சல் என்பதை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் செய்தியில்தான் முழுதாகக் கேட்டோம். ரேடியோ சிலோன் என்ற பெயர் 1967 ஜனவரியிலேயே கூட்டுத்தாபனமாக மாறியிருந்தாலும் ஊரில் எவரும் பழைய பெயரை விடவில்லை.

எங்கள் விறாந்தையில் அன்று பதினைந்து பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். வானொலி இல்லாத அயல்வீட்டுக்காரர், சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு வந்த பாண்காரர், இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு அக்கா. அதே ஆண்டு பெப்ரவரி 3ஆம் திகதி அறிஞர் அண்ணா மறைந்த செய்தி வந்தபோதும் இதே விறாந்தையில் இதே கூட்டம் நின்றது. அன்று அழுதார்கள். இன்று மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த நேரத்தில் நிலவு திருகோணமலை வானத்தில் இருந்ததா?

இந்தக் கேள்வியைக் கேட்டது சிட்னியில் இருக்கும் என் பேத்தி. அவளுக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன். ஏனென்றால் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் எல்லோருக்கும் ஒரு காட்சியைச் சொல்லிவந்தேன்: வானொலியில் "கால் வைத்துவிட்டான்" என்று பெரியப்பா சொல்ல, நான் முற்றத்துக்கு ஓடிப்போய் அண்ணாந்து பார்க்க, தென்னோலைக்கு மேலே வெளிறிய பகல் நிலா நின்றது என்று. அவ்வளவு தெளிவாக நினைவிருந்தது.

அது நடந்திருக்க முடியாது. 1969 ஜூலை 14ஆம் திகதி அமாவாசை. 22ஆம் திகதிதான் அரைநிலவு. அப்படியானால் 21ஆம் திகதி நிலவு சூரியனுக்கு ஏறத்தாழ ஐந்து மணிநேரம் பின்னால் வந்துகொண்டிருந்தது. முதல்நாள் இரவு பதினொரு மணியளவிலேயே அது மேற்கே மறைந்துவிட்டது. ஆகவே அதிகாலை 1.47க்குக் கழுகு இறங்கியபோது நிலவு நம் காலடிக்குக் கீழே, பூமியின் மறுபுறத்தில் இருந்தது. திங்கள் காலை அது மீண்டும் உதித்தபோது நேரம் பதினொரு மணியளவு. அதற்குள் அவர்கள் நடந்து முடித்து, கல் பொறுக்கி, கலத்துக்குள் ஏறிக் கதவையும் மூடிவிட்டார்கள். மனிதன் முதன்முதல் நிலவில் நடந்த அந்த முழு நேரமும் திருகோணமலையின் வானத்தில் நிலவே இல்லை.

பேத்தி இதைக் கணக்குப் போட்டுக் காட்டிய அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பார்த்த பகல் நிலா பொய்யல்ல. அது வேறொரு காலையில், தேய்பிறைக் காலத்தில் பார்த்ததாக இருக்க வேண்டும். ஓடியதும் உண்மை, அண்ணாந்ததும் உண்மை. பார்த்தது வெறும் நீலம். இப்போது யோசித்தால் அந்த வெறும் நீலமே எனக்குப் பிடித்திருக்கிறது. வானத்தில் இல்லாத நிலவைப் பற்றி, கண்ணுக்குத் தெரியாத அலையில் வந்த குரலைக் கேட்டுப் பதினைந்து பேர் நம்பினோம்.

அன்று திங்கட்கிழமைதானே, பள்ளிக்கூடம், வேலை எல்லாம் எப்படி?

அந்தக் காலத்து வாரம் இன்றைய வாரம் அல்ல. 1966 தொடக்கம் 1971 வரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. டட்லி சேனாநாயக்கா அரசாங்கம் ஞாயிறுக்குப் பதிலாகப் போயா நாட்களை வார விடுமுறையாக்கியிருந்தது. அமாவாசை, வளர்பிறை அட்டமி, பூரணை, தேய்பிறை அட்டமி என்று நிலவின் நான்கு நிலைகளும் விடுமுறை. போயாவுக்கு முந்தைய நாள் அரைநாள். அதனால் ஒரு வாரத்துக்கு ஏழு நாள், இன்னொரு வாரத்துக்கு எட்டு நாள். அடுத்த விடுமுறை என்ன கிழமை என்று தெரிய நாட்காட்டியைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர்க் கத்தோலிக்கர்களுக்கு இது பெரிய சங்கடம். ஞாயிறு அதிகாலைப் பூசை கண்டுவிட்டு அவசர அவசரமாக வேலைக்குப் போவார்கள். அந்த வாரம் அரைநிலவு செவ்வாய்க்கிழமையில் விழுந்ததால் திங்கள் அதற்கு முந்தைய அரைநாளாக அமைந்தது. அப்பா அலுவலகத்துக்குச் சுணங்கித்தான் போனார்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. நிலவைப் பார்த்து வேலை செய்து, நிலவைப் பார்த்து ஓய்வெடுத்த ஒரு நாட்டில் இருந்தபடிதான் நாங்கள் அந்தச் செய்தியைக் கேட்டோம்.

காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?

சின்னப் பிள்ளைகள் தவறாமல் கேட்பது இதைத்தான். இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். அம்மா வானொலிக்கும் அடுப்புக்கும் இடையே நடந்தபடி அவித்ததால் முதல் தட்டு குழைந்துபோயிற்று. வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர், சீனியைக் கைநிறையப் போடும் காலமல்ல, ஒரு துண்டு பனங்கட்டியைக் கையில் கொடுத்தார்கள், கடித்துக்கொண்டு குடிப்பதற்கு.

அரிசி கூப்பனுக்கு. 1966 டிசம்பர் முதல் ஆளுக்கு வாரம் ஒரு கொத்து அரிசி இலவசமாகக் கிடைத்தது. அதற்கு முன் இரண்டு கொத்து, ஆனால் விலைக்கு. சங்கக்கடையில் கூப்பன் புத்தகத்தைக் கொடுத்து வாங்க வேண்டும். பற்றாததற்குப் பாணும் பிட்டும் மரவள்ளியும். ஆடிப்பிறப்பு வந்துபோய்ச் சில நாட்களே ஆகியிருந்தன. அப்பல்லோ 11 புறப்பட்டது 16ஆம் திகதி மாலை 7.02க்கு, ஏறக்குறைய அதே நாளில்தான் எங்கள் வீட்டில் கூழும் கொழுக்கட்டையும். அதனால் தம்பி வெகுகாலம் ஆடிக்கூழ் குடித்தால் ரொக்கெட் விடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

பத்திரிகைகளில் எப்படி வந்தது?

வீரகேசரி, தினகரன், தினபதி மூன்றும் கொழும்பில் அச்சாகி இரவோடிரவாகப் பயணம் செய்து வர வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து ஈழநாடும் வரும். காலை 8.26க்கு நடந்ததை அன்று காலைப் பத்திரிகை எப்படிச் சொல்லும்? கால் வைத்த செய்தியைச் செவ்வாயன்றுதான் எழுத்தில் பார்த்தோம். அன்று பத்திரிகைக் கடையில் நெரிசல். ஒரு பிரதியை நான்கு வீடு படித்தோம். படித்து முடித்தபின் பெரியப்பா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிற்காலத்தில் நாங்கள் எல்லோரும் வீடுகளை விட்டு ஓடியபோது எத்தனையோ பொருட்களோடு அதுவும் போயிற்று.

பிள்ளைகளான எங்களுக்கு வேறொரு பத்திரிகை இருந்தது. இந்தியாவிலிருந்து வரும் அம்புலிமாமா. அந்தப் பெயரோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு மாமன் வீட்டுக்கு யாரோ போயிருக்கிறார்கள் என்பது உறவுமுறைச் செய்தி.

ஊர் முழுவதும் இதைத்தான் பேசியதா?

இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். ஜூலை மாதம் திருகோணமலையில் மீன்பிடிக் காலம். தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக்கரைக் கடல் கொந்தளிக்கும்போது நம் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும். நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து மீனவக் குடும்பங்கள் வந்து நம் கரைகளில் வாடி போட்டுத் தங்கும். காலையில் கரைவலை இழுக்கும் நேரம் அது. வலையைப் பாதியில் விட்டுவிட்டு எவரும் வானொலி கேட்க வர மாட்டார்கள். கச்சான் காற்று நெருப்பாக வீசும். பத்து மணிக்குமேல் தெருவில் நடமாட்டம் குறைந்துவிடும்.

ஆனால் நிலவைப் பற்றி ஊரில் அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். நல்ல நிலவு காலத்தில் நீருக்குள் வலை வெளித்துத் தெரியும், மீன் விலகிவிடும்; இருட்டில்தான் மீன்பாடு நன்றாக இருக்கும். நிலவு எப்போது உதிக்கும், எப்போது படும் என்று அவர்களுக்கு விரல் நுனியில் இருந்தது. திருக்கடலூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் ஐயா ஒருவர் பிற்பகலில் வந்தார். அப்பா செய்தியைச் சொன்னதும் அவர் கேட்ட கேள்வி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "அங்கே கடல் என்று பெயர் வைத்திருக்கிறார்களாமே, தண்ணீர் இருக்கிறதா?" இல்லை, வெறும் புழுதி என்று அப்பா சொன்னார். "அப்போது ஏன் கடல் என்று சொன்னார்கள்?" என்று அவர் உண்மையாகவே மனவருத்தத்தோடு கேட்டார். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் கருமையாகத் தெரிந்ததைக் கடல் என்று எண்ணிப் பெயரிட்டார்கள் என்று பெரியப்பா விளக்கினார். கடலோடு வாழாதவர்கள் வைத்த பெயர் என்று மீன்கார ஐயா முடித்துக்கொண்டார்.

வயதானவர்களுக்கு வானம் என்றால் வேறு நினைவு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் குண்டுபோட்டபோது ஊரே அண்ணாந்து பார்த்துவிட்டு ஓடியது. 1964 டிசம்பர் சூறாவளியில் மறுபடியும் வானத்தைப் பார்த்து நடுங்கினார்கள். பயமில்லாமல் மேலே பார்க்க ஒரு நாள் கிடைத்ததே என்று அம்மம்மா சொன்னார். பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்த வார்த்தையின் எடை எனக்கு விளங்கியது.

கோயிலில் ஏதாவது பேச்சு இருந்ததா? நிலவு சிவனின் தலையில் இருப்பதல்லவா?

இருந்தது. இந்தக் கேள்வி திருகோணமலையில் வேறு எந்த ஊரையும்விடக் கூடுதலாக உறைக்கும். போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்தபோது அடியார்கள் மறைத்துவைத்த விக்கிரகங்களுள் சில 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தன. அவற்றுள் ஒன்று சந்திரசேகரர், பிறையைச் சூடியவர். 1963இல் கோணேசர் மலையில் குடமுழுக்கு நடந்தபோது நான் ஐந்து வயதில் அப்பாவின் தோளில் இருந்து பார்த்தேன். ஆகவே எங்களுக்குப் பிறை என்பது புத்தகத்துப் படமல்ல. ஊரின் மண்ணிலிருந்தே வெளிவந்தது.

அன்று மாலை பத்திரகாளி அம்மன் கோயில் வீதியில் அம்மம்மாவோடு போனபோது அவருடைய தோழி ஒருவர் கலங்கிப்போய்க் கேட்டார், செருப்புக் காலோடு போய் மிதித்துவிட்டார்களே என்று. அம்மம்மா படித்தவரல்ல. "மண்ணை மிதிக்காமல் எங்கே நடப்பது? நாங்கள் கும்பிடும் மலையிலும் மிதித்துத்தானே ஏறுகிறோம்" என்றார். அந்தப் பதிலில் குறை காண எனக்கு இன்றுவரை இயலவில்லை. கிண்ணியாவிலிருந்து வரும் அப்பாவின் நண்பர் ஒருவர், பிறை பார்த்து நோன்பு பிடிப்பவர், நிலவு படைத்தவனுடைய அத்தாட்சி, அதை நெருங்கிப் போய்ப் பார்த்தால் அத்தாட்சி கூடுமே தவிரக் குறையாது என்றார். வேறுவேறு வாசலால் வந்து இருவரும் ஒரே திண்ணையில் அமர்ந்ததுபோல எனக்குத் தோன்றியது.

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் அன்று திருகோணமலையில் இருந்தாரா?

இல்லை. அமெரிக்காவில், சி.பி.எஸ். தொலைக்காட்சியில் செய்தியாளர் வோல்டர் குரொங்கைட்டுடன் அமர்ந்து அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் அவரை எங்கள் ஊர் தன்னவராகவே எண்ணியது. 1956இல் நண்பர் மைக் வில்சனும் அவரும் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைக்கு அடியில் முக்குளித்து, இடிக்கப்பட்ட கோயிலின் தூண்களையும் கற்களையும் கடலடியில் பார்த்தார்கள். செயற்கைக்கோள்கள் மூலம் உலகம் முழுவதும் தொடர்புகொள்ளலாம் என்று 1945இலேயே எழுதியவரும் அவர்தான். நம் மலையடியில் மூழ்கிக் கற்களைத் தொட்டவர், நிலவில் கல் பொறுக்குவதை உலகுக்கு விளக்கினார். இதை அன்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. பின்னாளில் தெரிந்தபோது ஊர்ப்பெருமை கொஞ்சம் கூடியது.

அன்று என்ன பாட்டு, என்ன படம்?

படம் என்றால் நகரில் நெல்சன் போன்ற தியேட்டர்கள். இந்தியாவில் வெளியான படம் எங்களிடம் வந்து சேர மாதங்கள் ஆகும். கொழும்பு, யாழ்ப்பாணம் எல்லாம் ஓடித் தேய்ந்த பிரதி கடைசியில் வரும். அதுவரை 'பேசும் படம்' சஞ்சிகையில் ஸ்டில்லைப் பார்த்து, வானொலியில் பாட்டைக் கேட்டு, கதையை நாங்களே கட்டிவிடுவோம். எம்.ஜி.ஆர். கட்சி, சிவாஜி கட்சி என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்திருந்தது. எம்.ஜி.ஆர். 1965இல் இலங்கைக்கு வந்துபோனதால் அவர் பக்கத்துக்குக் கொஞ்சம் பலம் அதிகம். கலரியில் இருந்து விசிலடித்தவர்களும் பல்கனியில் இருந்து கைக்குட்டையால் விசிறிக்கொண்டவர்களும் வெளியே வந்து ஒரே கடையில்தான் கச்சான் கடலை வாங்கினார்கள்.

பாட்டுக்கு வானொலிதான் எல்லாம். எஸ்.பி. மயில்வாகனன் தன் குரலால் வளர்த்தெடுத்த தமிழ் வர்த்தக சேவையைத் தமிழ்நாட்டிலும் காத்திருந்து கேட்டார்கள். காலையில் பொங்கும் பூம்புனல் வந்தால் தெருவில் வீட்டுக்கு வீடு அதே பாட்டு. ஒரு வீட்டில் விட்ட வரியை அடுத்த வீட்டு வாசலில் கேட்டுக்கொண்டே நடந்து போகலாம். அன்று காலை அந்தத் தொடர்ச்சி அறுந்திருந்தது. சில வீடுகளில் பாட்டு, சில வீடுகளில் ஆங்கில இரைச்சல். அந்த வித்தியாசத்தைத் தெருவில் நின்று கேட்டதுதான் என் நினைவில் பொய்யே கலவாத பகுதி என்று நம்புகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்த் திரைப்பாட்டில் நிலவு இல்லாத வாரம் கிடையாது. அன்று மாலையிலிருந்து ஒவ்வொரு நிலாப் பாட்டும் எனக்கு வேறுவிதமாகக் கேட்டது. காதலன் நிலவைப் பார்த்துப் பாடும்போது அங்கே இரண்டு பேர் நிற்கிறார்களே என்ற நினைப்பு குறுக்கே வந்தது. இரண்டு மூன்று மாதத்தில் அது போய்விட்டது. பாட்டு வென்றது.

கிராமங்களில் எப்படி இருந்தது?

மூதூர், சம்பூர், குச்சவெளிப் பக்கங்களில் பெரும்பாலான வீடுகளில் மின்சாரம் இல்லை. குப்பி விளக்கும் அரிக்கன் லாம்பும்தான். ட்ரான்சிஸ்டர் வானொலி வைத்திருப்பவர் எவரேனும் இருந்தால் அவரே செய்தி நிலையம். பற்றரி தீர்ந்துவிடாமல் செய்திக்கு மட்டும் போடுவார். நிலாவெளியில் இருந்த என் அத்தைக்குச் செய்தி கிடைத்தது செவ்வாய் மாலை, பஸ்ஸில் வந்தவர் சொல்லி. நிலாவெளி என்ற பெயர் கொண்ட ஊருக்கு ஒன்றரை நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது நிலாச் செய்தி. அத்தை அதற்காகக் கவலைப்படவில்லை. "எங்கள் வெளியில் அது தினமும் இறங்குகிறது" என்றார்.

நம்பாதவர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள், ஆனால் குறைவு. ஊரில் அதைவிடப் பெரிய விவாதம் ரஷ்யாவா அமெரிக்காவா என்பதுதான். இடதுசாரி அபிமானிகள் முதலில் விண்வெளிக்குப் போனவர் ககாரின் என்பதை மறக்க விடவில்லை. அதே நாளில் சோவியத்தின் ஆளில்லாக் கலமான லூனா 15 நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. நம் நேரப்படி அன்று இரவு 9.20 அளவில் நிலவில் மோதி நொறுங்கியது. பெரியப்பாவின் நண்பர் ஒருவர் அந்தச் செய்தி வந்த பிறகு சில நாட்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அன்று எடுத்த புகைப்படம் ஏதாவது இருக்கிறதா?

இல்லை. கமரா எங்களிடம் இருக்கவில்லை. படம் என்றால் நல்ல உடுப்பு உடுத்தி ஸ்டூடியோவுக்குப் போய் எடுப்பதுதான்.

அன்று இரவு என்ன செய்தீர்கள்?

இருட்டியதும் எல்லோரும் வெளியே வந்தார்கள். அப்போதுதான் ஊர் ஒன்றாகச் சேர்ந்தது என்று சொல்லலாம். கடற்கரையில் திருவிழாபோலச் சனம். திருகோணமலையில் நிலவு கடலிலிருந்து எழும். பூரணையன்று அதைப் பார்ப்பதற்கென்றே போவோம். அன்று முதல் முறையாக எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அரைநிலவுக்குச் சற்றுக் குறைந்த நிலவு மேற்கே, நகரத்தின் கூரைகளுக்கு மேலே நின்றது. ஒளி விழுந்த பாதியில்தான் அவர்கள் இருக்கிறார்கள் என்று பெரியப்பா விரலால் காட்டினார். எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் பார்த்தோம். பின்னால் மூன்றாவது ஆள் ஒருவர், கொலின்ஸ், தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார் என்று அவர் சொன்னபோது அம்மாவுக்கு அந்த ஆளைப் பற்றித்தான் கவலை. சாப்பாடு இருக்கிறதா, பேச ஆள் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து முற்றத்தில் பாயை விரித்தோம். அம்மம்மா சோற்றைப் பிசைந்து உருட்டி ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். மீன்குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும். தம்பி பாதியில் தூங்கிவிட்டான். நானும் அப்பாவும் மட்டும் விழித்திருந்தோம். 11.24க்கு அவர்கள் நிலவை விட்டுப் புறப்பட வேண்டும் என்று அப்பா சொன்னார். அந்த ஒரு எஞ்சின் வேலை செய்யாவிட்டால் திரும்ப வர வழியில்லை என்றும் சொன்னார். நிலவு அப்போது மேற்கே அடிவானத்தை நெருங்கிவிட்டது, சிவந்து, அயல்வீட்டு மாமரத்துக்குள் பாதி இறங்கியிருந்தது. அப்பா வானொலியைக் குறைந்த சத்தத்தில் போட்டார். பச்சைக் கண் ஒளிர்ந்தது, நிலையம் பிடிபடவில்லை. அவர் திருகிக்கொண்டே இருந்தார். இரைச்சல் ஒருமுறை விலகி ஒரு ஆங்கிலக் குரல் கேட்டது. அப்பா கையை உயர்த்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். பிறகு அந்தக் கை மெதுவாக என் தலைமேல் வந்து இறங்கியது. "புறப்பட்டுவிட்டார்கள்" என்றார். நான் திரும்பிப் பார்த்தபோது மாமரத்தில் நிலவு இல்லை.